ஐந்தாம் பக்கத்தில் வந்த ஆறு

ஆற்றை மீட்கும் வேலைக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. உதவிப் பொறியாளர். விண்ணப்பத்தோடு, ஏதாவது ஓர் ஆற்றில் ஒரு கிலோமீட்டர் தூரத்தை எப்படி மீட்பீர்கள் என்று ஒரு திட்டமும் எழுதி அனுப்ப வேண்டும். மறுநாள் மாலை ஐந்து மணி கடைசி.

சுடர்விழி அதை எழுதி எடுத்துக்கொண்டு கல்லூரியின் சர்வே ஆய்வகத்துக்கு வந்தாள். பிலோமினா மேடம் அளவைக் கருவியைத் தாங்கும் ட்ரைபாட் கால்களின் திருகுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மாணவியைவிட எட்டு வயதுதான் மூத்தவர். கல்லூரி அலுவலகத்துக்குப் புதிதாக வரும் குமாஸ்தாக்கள் அவரையும் மாணவி என்று நினைத்து வரிசையில் நிற்கச் சொல்வார்கள். அவரும் போய் நிற்பார்.

"படிச்சுப் பாருங்க மேடம். இந்த வேலை எனக்குக் கிடைக்குமா?"

மேடம் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பக்கங்களைப் புரட்டினார்.

"எட்டுப் பக்கம். ஆறு எத்தனாவது பக்கத்துல வருது?"

"அஞ்சாவதுல."

"அதுக்கு முன்னாடி?"

"சண்டை."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். சுடர்விழி விளம்பரத்தை நீட்டினாள். அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: களப்பணி என்பதால் ஆண்கள் விண்ணப்பிப்பது விரும்பத்தக்கது.

"நாலு மாசம் முட்டளவு சேத்துல நின்னு அளந்தது யாரு மேடம்? என்கூட வந்த ரெண்டு பசங்க மூணாம் நாளே வெயில்னு ஓடிட்டாங்க. அந்த ஆபீசுக்குப் போன் போட்டே கேட்டேன், ஏன் சார் ஆண்கள்னு. 'இதுவரைக்கும் அப்படித்தாம்மா எடுத்திருக்கோம்'கிறார். கொட்டாவி விட்டுக்கிட்டே சொல்றார்! அதுக்கு ஒரு பக்கம் பதில் எழுதியிருக்கேன்."

"ஒரு பக்கம்தானா?"

"நாலு."

மேடம் நான்கு பக்கங்களையும் நிதானமாகப் படித்தார்.

"இதை எடுத்துடணும்னு சொல்லப் போறீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

ஐந்தாம் பக்கம் வந்தது. ஊருக்குத் தெற்கே பாலம் இருக்கும் இடத்திலிருந்து மேற்கே ஒரு கிலோமீட்டர். ஆற்றின் தரை எங்கே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இருபது மீட்டருக்கு ஒரு தரம் அளந்து வரைந்திருந்தாள். ஒரு கோடுகூடப் பிசகவில்லை. கரையில் சீமைக் கருவேலம் அகற்றுவது, நாணல் நடுவது, தண்ணீர் தேங்கி நிற்க மேடு பள்ளம் அமைப்பது, எல்லாம் அந்தத் தரையிலிருந்து கணக்கிட்டது.

ஏழாம் பக்கத்தில் மேடத்தின் விரல் நின்றது.

"இங்க ரெண்டு மோட்டார் எதுக்கு?"

"வலது கரையில பழைய வாய்க்கால் ஒண்ணு இருக்கு மேடம். அதோட வாய் ரொம்ப உசரத்துல இருக்கு. ஆத்துலேர்ந்து தண்ணி ஏத்தணும்ல? சோலார் மோட்டார். கரண்ட் செலவே இல்ல."

"வாய்க்காலை வெட்டினவங்க மோட்டார் வச்சிருந்தாங்களா?"

"அந்தக் காலத்துல ஏது? தானா பாஞ்சிருக்கும்."

"இப்ப ஏன் பாயல?"

"அதான் சொன்னேனே, வாய் உசரத்துல இருக்கு."

"வாய்க்கால் எழுந்து உசரத்துக்குப் போயிடுச்சா?"

சுடர்விழி ஏழாம் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தாள்.

மேடம் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார். "ஸ்டாஃபை எடுத்துக்கோ. வா."

ஸ்டாஃப் என்பது மட்டம் பார்க்க நட்டுப் பிடிக்கும் நீள அளவுகோல். நாலு மாதமாக அது சுடர்விழியின் தோளில்தான் கிடந்தது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அதைக் கொடிக்கம்பம் மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் பேசினாள். வாய்க்கால் விஷயம் ஒரு சின்ன விஷயம், மோட்டாரே வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், ஏழு பக்கம் சரியாக இருக்கும்போது ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது நியாயமா என்று பேசினாள். காற்றில் பாதி மேடத்துக்குக் கேட்டிருக்காது.

பாலத்துக்கு அடியில் ஒருவர் தேங்கிய தண்ணீரில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். சுடர்விழியைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன இஞ்சினியரம்மா, இன்னுமா அளந்து முடியல? இந்த ஆறு எங்கயும் ஓடிப் போயிடாது. ஓடுறதுக்குத் தண்ணி வேணும்ல."

"நீங்க கழுவுற சோப்புத் தண்ணிதான் ஓடுதுண்ணே."

மேடம் பாலத்தின் மூன்றாவது தூணருகே நின்றார். பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார்.

"உன் திட்டத்துல ஆத்தோட தரை எதுவோ, அதை இங்க கோடு போடு."

சுடர்விழி குனிந்தாள். கால் நிற்கும் மணலை ஒட்டிக் கோடு போட்டாள்.

"சரியா?"

"மில்லிமீட்டர் சுத்தமா."

"இப்ப நீ கோடு போட்டது தூணுலயா?"

சுடர்விழி பார்த்தாள். தூண் இல்லை. தூணைவிடப் பருமனான வட்டக் காங்கிரீட். தூணைத் தாங்குவதற்காக அடியில் இறக்கியது.

"அடித்தளத்துல மேடம்."

"தூண் எங்கேருந்து ஆரம்பிக்குது?"

அண்ணாந்து பார்த்தாள். அடித்தளத்தின் தலை அவள் தலைக்கு மேலே இருந்தது. நாலு மாதமாக அதன் நிழலில் உட்கார்ந்துதான் மதியச் சோறு சாப்பிட்டிருக்கிறாள்.

"அடித்தளத்தை ஏன் ஆளுயரத்துக்கு வெளியே கட்டினாங்க?"

"வெளியே கட்ட மாட்டாங்க மேடம். அது மண்ணுக்குள்ள…"

காலடியில் இருந்த மணலைப் பார்த்தாள்.

பைக் கழுவுகிறவர் தலையைத் தூக்கினார். "அந்த உருண்டையா? நாங்க பொடிசுங்களா இருந்தப்ப அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாதும்மா. எல்லாம் மணலு. தூணுதான் தெரியும். அப்புறம் லாரி லாரியா அள்ளினானுங்க."

சுடர்விழி ஸ்டாஃபை நட்டுப் பார்த்தாள். இரண்டு மீட்டர் முப்பது. எழுதிக்கொள்ளவில்லை.

"நான் அளந்தது தப்பா மேடம்?"

"இல்ல. அளவு சரி."

"இப்ப இருக்கிற தரையைத்தான் அவங்களும் கேட்டிருக்காங்க."

"கேட்டதைக் கொடுத்திருக்க."

"அப்ப அனுப்பலாம்."

"அனுப்பலாம்."

"வேலைகூடக் கிடைக்கலாம்."

"கிடைக்கலாம்."

"ஆனா?"

"நான் 'ஆனா'ன்னு சொல்லலையே."

சுடர்விழிக்குக் கோபம் வந்தது. மேடத்தின் மீதா, லாரிகளின் மீதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீங்க சொல்லாமலே சொல்றீங்க! இந்தத் தரையை விட்டா என்னோட கடைசி நாலு பக்கமும் விழுந்துடும். அள்ளிட்டுப் போன மணல் எப்படித் திரும்பி வரும், எத்தனை வருஷம் ஆகும், எனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள தெரிஞ்சுக்கவும் முடியாது. எனக்குத் தெரியலன்னு எழுதி அனுப்பினா எவன் வேலை கொடுப்பான்? அதுவும் ஒரு பொண்ணுக்கு?"

"தெரியல."

"வேற ஒருத்தன் இதே குழியை அளந்து, அழகா கலர் அடிச்சு அனுப்பி, வேலையைத் தட்டிட்டுப் போயிடுவான்."

"போகலாம்."

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அள்ளிட்டாங்க மேடம். எனக்குத் தெரிஞ்சு ஆறு இப்படித்தான் கிடக்கு. இருக்கிறதைத்தானே தரைன்னு எடுத்துக்க முடியும்?"

மேடம் கையை நீட்டினார். விண்ணப்பத்தை வாங்கி முதல் பக்கங்களைத் திருப்பினார். எதையோ தேடினார். மூன்றாம் பக்கத்தில் கிடைத்தது. பாலத்தின் மேலே ஒரு பஸ் போய் முடியும்வரை காத்திருந்து, சத்தமாகப் படித்தார்.

"'இதுவரை இப்படித்தான் இருந்தது என்று என்னிடம் சொல்லப்பட்டது. ஐயா, அது நடந்துவிட்ட அநியாயத்தின் அளவு. அதையே சரியான அளவு என்று ஏற்றுக்கொள்ள நான் தயாராக இல்லை.'"

பைக் கழுவுகிறவர் கையில் துணியோடு நின்றுவிட்டார். "அடேயப்பா. யாரும்மா எழுதினது?"

மேடம் பக்கங்களை மூடினார்.

சுடர்விழி கீழே போட்ட கோட்டைச் செருப்பால் தேய்த்தாள். சாக்பீஸோடு அடித்தளத்தை ஒட்டி நின்று, நுனிக்காலில் எம்பிக் கையை நீட்டினாள். அடித்தளத்தின் தலைக்கும் அவள் விரலுக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம் இருந்தது.

"எட்டல மேடம்."

"அஞ்சாம் பக்கத்தை அப்படி ஆரம்பி."