அட்டையில் இல்லாதது

"பேச்சும் போயிடுச்சு சாமி. இனி அவகிட்ட மிச்சம் என்ன இருக்கு?"

மடத்துக்குள் நுழைந்ததும் பிரமநாயகம் கேட்டுவிட்டார். உட்காரக்கூட இல்லை. அவருக்கு அறுபத்தாறு வயது, குருவுக்கு நாற்பதுகூட இருக்காது. துயரம் வயசு பார்க்குமா என்ன?

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவர் மனைவி ஆவுடையம்மாள். லட்சத்தில் ஒருத்தருக்கு வருகிற நரம்பு நோய். தீர்க்க மருந்து கிடையாது. முதலில் கால் போனது, அப்புறம் கை தளர்ந்தது, இப்போது நாக்கு.

மனுஷன் ஒரு குறை வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். புரையேறிவிடக் கூடாதே என்று தண்ணீரில்கூடப் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் கொடுப்பார். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பார். பேச இப்படிச் சிரமப்படுகிறாளே என்று, தை மாதம் ஓர் அட்டையில் படங்கள் ஒட்டிக் கொடுத்தார். தம்ளர், தலையணை, மாத்திரை, கழிப்பறை. விரலை வைத்தால் போதும், காரியம் நடந்துவிடும்.

குரு அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு அவளிடம் கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?"

இப்போது தண்ணீர் கொடுக்கிற நேரம் என்றார் பிரமநாயகம்.

குரு மறுபடியும் அவளையே கேட்டார். வண்டியில் வந்த அலுப்பு, அவளால் முடியாது என்றார் பிரமநாயகம்.

குரு அட்டையைத் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு மூன்றாம் முறை கேட்டார். பிரமநாயகம் வாயெடுத்தார். குரு கையமர்த்தினார்.

ஆவுடையம்மாளின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. எச்சில் வழிந்தது. பிரமநாயகத்தின் கை தானாகத் துண்டை எடுத்தது. குரு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்து வெயில் நாற்காலிச் சக்கரத்தைத் தாண்டி அவள் பாதம்வரைக்கும் வந்துவிட்டது. வேறு வேலை இல்லாததால் பிரமநாயகம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், பார்த்து எத்தனை நாளாயிற்றோ.

அவளும் அவரைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"தையிலேருந்து... நீங்க... எங்கிட்ட... பேசல."

பிரமநாயகம் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஆவுடையம்மாள் காத்திருந்தாள்.