ஏழாம் படுக்கையின் ஓவர்

ஷிப்ட் முடிந்து போகிற நர்ஸ், அடுத்து வருகிற நர்ஸிடம் படுக்கை படுக்கையாக நின்று நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஓவர் கொடுப்பது என்பார்கள். ஜெபக்கனி டீச்சர் நர்சிங் பள்ளியில் முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

"ஓவர் வாங்கினவதான் அப்புறம் பொறுப்பு. குடுத்தவ திரும்பிப் பார்க்காம வீட்டுக்குப் போயிரணும்."

அவரிடம் படித்த இசக்கியம்மாள், கொரோனா ஓய்ந்து மூன்று வருடம் கழித்து, ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தாள். பதினாறு வருடம் பார்த்த வேலையை விடுவதாக எழுதிய கடிதம் கையில் இருந்தது.

"தூக்கமே இல்ல டீச்சர். மாத்திரை போட்டாலும் இருபது நிமிஷத்துல முழிச்சிருதேன்."

"டாக்டரப் பார்த்தியா?"

"பார்த்தேன். மனசுல என்ன இருக்குன்னு கேக்காரு. அத எப்படிச் சொல்லுவேன்?"

டீச்சர் கடிதத்தை வாங்கினார். படிக்கவில்லை. பின்பக்கம் திருப்பி மேஜையில் வைத்து, பேனாவைத் திறந்தார். அறுபது தாண்டிய வயதில், முழங்கால் வலியோடு, எழுந்து நின்றார்.

"ஓவர் குடு."

"எந்த ஓவர் டீச்சர்?"

"உனக்குத் தெரியும்."

இசக்கியம்மாளும் எழுந்தாள். அந்த ஒரு ராத்திரி, கொரோனா வார்டில் பன்னிரண்டு படுக்கைகள். முதல் ஆறையும் ஒப்பித்தாள். ஒவ்வொருவரின் ஆக்சிஜன் அளவுகூட அவளுக்கு மறக்கவில்லை. பாவம், மறந்திருந்தால் தூங்கியிருப்பாள்.

"ஏழு?"

"அன்னைக்கு டெத்துன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்."

"இப்போ முழுசாச் சொல்லு."

"அருணாசலம் அண்ணாச்சி. டெய்லர். ஆக்சிஜன் பதினஞ்சு லிட்டர். மகள்ட்ட போன்ல பேசணும்னாரு. பத்து நிமிஷத்துல வாரேன் அண்ணாச்சின்னேன். நாற்காலில உக்காந்தேன்." "இருபது நிமிஷம் தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா அவரு இல்ல."

டீச்சர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"அதுக்கு முன்ன எத்தனை மணி நேரம் நின்ன?"

"ரெண்டு ஷிப்ட்."

"ரெண்டாவது ஷிப்ட் யார் போட்டா?"

இசக்கியம்மாள் தலை குனிந்தாள். அப்போது அந்த மருத்துவமனையில், யாருக்கு எந்த ஷிப்ட் என்று போடுகிற நர்சிங் சூப்பிரண்டு ஜெபக்கனி டீச்சர்தான். ஊரே நர்ஸுகளுக்குக் கைதட்டிய காலம் அது. ஒரு நாள் லீவு மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

"ஓவர்ல எதையும் மறைக்கக் கூடாது பிள்ள."

"நீங்கதான் டீச்சர். ரெண்டு பேரு காய்ச்சல்னு வரல. எனக்குக் கால் நிக்கலன்னு உங்களுக்குப் போன் பண்ணினேன். நீங்க..."

"நான் என்ன சொன்னேன்?"

"நீ வார்டுல இருந்தாத்தான் நான் நிம்மதியாத் தூங்குவேன்னீங்க."

பேனா நின்றது. பிறகு டீச்சர் அடியில் கையெழுத்துப் போட்டார்.

"அன்னைக்கு நான் தூங்குனேன் இசக்கி. விடியுற வரைக்கும் நல்லாத் தூங்குனேன்."

இசக்கியம்மாள் அழுதாள். டீச்சர் காகிதத்தை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மூணு வருஷம் லேட்டா வந்திருக்கேன். ஏழாம் படுக்கைய நான் வாங்கிட்டேன். நீ திரும்பிப் பார்க்காம வீட்டுக்குப் போ."