துணை வேண்டாத செர்ரி

“அம்மா, இங்கே பேச்சு அதிகம்” என்றார் தெய்வசிகாமணி.

தவமணி அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யார் பேசுறாங்க?”

“எல்லாரும். முக்கியமா சமையல்கட்டுல கொளஞ்சி. அஞ்சு மணிக்கு அடுப்பைப் பத்த வைக்கிறப்ப ஆரம்பிக்கிறாங்க, பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் ஓயறதில்லை. யாரோட ஆடோ காணாமப் போச்சாம். மூணு நாளா அந்தப் பேச்சுதான். நான் ஞானம் தேடி வந்தவன் அம்மா. எனக்கு அந்த ஆட்டைத் தெரியவே தெரியாது.”

மலைமேல் இருந்த அந்த ஆசிரமத்தில் ஏழு பேர். ஒரு கூடம், ஒரு சமையலறை, முன்னால் நாலு கட்டில் போடும் அளவுக்கு ஒரு தோட்டம்.

அதை நடத்திவந்த அம்மாவுக்கு வயது நாற்பத்து மூன்று. தெய்வசிகாமணிக்கு அறுபத்தொன்று. துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். எல்லோரும் தாசில்தார் என்றே கூப்பிட்டார்கள். அவர் யாரையும் திருத்தவில்லை.

“மேல்குடிலை எனக்குக் கொடுங்க” என்றார். “ஒரு வருஷம்.”

மேல்குடில் அரை மணி நேர ஏற்றத்தில் இருந்தது. ஒரு அறை, ஒரு ஜன்னல். அதன் சாவி அம்மாவின் தலைக்கு மேல் ஆணியில் தொங்கியது. தெய்வசிகாமணி அதை இதற்கு முன் மூன்று முறை கேட்டிருந்தார். மூன்றும் எழுத்து மூலம்.

“எதுக்கு?”

“முப்பத்து மூணு வருஷம் ஜனங்ககிட்ட மனு வாங்கினேன். வீட்டுக்குப் போனா அங்கேயும் மனு. என்னை யாருமே கூப்பிடாத நாள்னு ஒண்ணு இன்னும் வரலை அம்மா. சாகறதுக்குள்ள ஒரு வருஷம் வேணும்.”

கடைசி வார்த்தையில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

“தோட்டத்துல ஒரு மரம் வைங்க. ஒரு பழம் பழுத்தா போதும். சாவியை எடுத்துக்கங்க.”

“என்ன மரம்?”

“உங்க இஷ்டம்.”

தெய்வசிகாமணி மூன்று நாள் யோசித்தார்.

“தக்காளி வைங்க தாசில்தாரே” என்றார் கொளஞ்சி. “மூணு மாசத்துல போயிரலாம்.”

“தக்காளி மரமா?”

 

தோட்டச் சுவருக்கு அந்தப் பக்கம் சவரிமுத்துவின் தோட்டம். பீன்ஸும் கேரட்டும் போடுவார். ஆறு பெட்டியில் தேனீ வளர்த்தார்.

“பிளம்ஸ் வைக்கலாமா?” என்று தெய்வசிகாமணி அவரைக் கேட்டார்.

“வைக்கலாம். ஆனா ஒத்தையா நின்னா காய்க்காது. பக்கத்துல வேற ரகத்துல ஒண்ணு நிக்கணும்.”

“அதுக்கும் துணை வேணுமா?”

“வேணும். ரெண்டு மரத்துக்கு உங்ககிட்ட இடம் கிடையாது.”

பிறகு வடக்கேயிருந்து ஒரு நாற்றுப்பண்ணையின் புத்தகம் தபாலில் வந்தது. அதில் ஒரு ரக செர்ரி. கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி. தெய்வசிகாமணி அதை இரண்டு முறை படித்தார். தானே தமிழில் எழுதி, கீழே டவுனுக்குப் போய் லேமினேட் செய்துகொண்டு வந்தார்.

‘துணை மரம் தேவையில்லை. ஒற்றை மரமே காய்க்கும். சிறு தோட்டத்துக்கு ஏற்றது.’

“மரம்னா இது” என்றார். “யாரையும் நம்பி இல்லை.”

“செர்ரின்னா கேக்கு மேல வைப்பாங்களே, அதுவா?” என்றார் கொளஞ்சி.

“அது களாக்காய். சாயம் போட்டது.”

“நிஜ செர்ரி எப்படி இருக்கும்?”

தெய்வசிகாமணியும் பார்த்ததில்லை.

“அதைவிடச் சிறப்பா இருக்கும்” என்றார்.

முழங்கால் உயரத்தில் ஒட்டுக்கன்று வந்தது. வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது என்று கல் அடுக்கி மேடு கட்டினார். காட்டு மாடு வராமல் வேலி போட்டார். ஆட்கள் வராமல் ஒரு பலகை வைத்தார். அனுமதியின்றி உள்ளே வராதீர்.

காட்டு மாடு ஒரு முறை வந்தது. ஆட்கள் யாரும் வரவில்லை.

மூன்று பனிக்காலம் போயிற்று.

நாலாவது வருடம் மரம் பூத்தது. இலை வருவதற்கு முன்பே வெள்ளை வெளேரென்று பூத்தது. ஆசிரமம் முழுக்க வந்து பார்த்தது. தெய்வசிகாமணி மரத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, எல்லோரையும் அதற்கு வெளியே நிற்க வைத்தார்.

தேனீக்களுக்குக் கயிறு தெரியவில்லை.

அவர் சுவரருகே போனார்.

“சவரிமுத்து, உங்க தேனீ என் மரத்துல ஆக்கிரமிப்பு பண்ணுது.”

“தேன் குடிக்க வருதுங்க.”

“யார் மரத்துத் தேன்?”

“தாசில்தாரே, அது பட்டா பார்த்து வர்ற பூச்சி இல்லீங்க.”

அந்த மலையில் கொசு கிடையாது. ஆனாலும் யாரோ ஒரு பக்தர் ஆசிரமத்துக்குப் பன்னிரண்டு கொசுவலை தானம் செய்திருந்தார். தெய்வசிகாமணி அதில் மூன்றை எடுத்துச் சேர்த்துத் தைத்தார். நாலு மூங்கில் நட்டு, மரத்தைச் சுற்றிலும் கூடாரம் போல் இறக்கினார். ஓரங்களில் கல் வைத்தார்.

சவரிமுத்து சுவர் மேலாக எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

தெய்வசிகாமணி கை காட்டி நிறுத்தினார்.

சவரிமுத்து பீன்ஸ் பறிக்கப் போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் பூ உதிர்ந்தது. பூவுக்குப் பின்னால் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சையாக ஏதோ இருந்தது. அது மஞ்சளாகி அதுவும் உதிர்ந்தது. கீழே நிழலில் இருந்த ஒரு கிளை மட்டும் அப்போதுதான் தாமதமாகப் பூத்திருந்தது.

தெய்வசிகாமணி மரத்தில் கட்டியிருந்த அந்த லேமினேட் அட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனார்.

“மோசடி அம்மா. துணை வேண்டாம்னு எழுதியிருக்கான். நாலு வருஷம் போச்சு. நாற்றுப்பண்ணைக்குப் புகார் எழுதப்போறேன்.”

“எழுதுங்க. முதல்ல சாப்பிடுங்க.”

“பசியில்லை.”

“வரும்.”

அம்மா ஒரு தட்டில் சோறும் பருப்புக் குழம்பும் பீன்ஸ் பொரியலும் வைத்து எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். வலையைத் தூக்கி, உள்ளே மரத்தடியைக் காட்டினார்.

“உட்காருங்க.”

தெய்வசிகாமணி உட்கார்ந்தார்.

அம்மா தட்டை வலைக்கு வெளியே, ஐந்து முழம் தள்ளி ஒரு கல் மேல் வைத்தார். வலையை இறக்கிவிட்டார்.

“எழுந்திருக்கக் கூடாது. நகரக் கூடாது.”

“என்ன அம்மா இது?”

“பசி யாரோடது?”

“என்னோடது.”

“சோறு?”

“எனக்கு வச்சது.”

“இன்னொருத்தர் சோறு ஏதாவது வேணுமா?”

“வேண்டாம்.”

“எல்லாம் உங்களோடது. குறை ஒண்ணுமில்லை. சாப்பிடுங்க.”

அம்மா போய்விட்டார்.

தெய்வசிகாமணி தட்டைப் பார்த்தார். சோற்றில் ஆவி பறந்தது. பிறகு பறக்கவில்லை. ஒரு எறும்பு வந்தது. அது போய் மற்றவர்களைக் கூட்டிவந்தது. இதற்கு ஒரு ஞானம் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. என்ன ஞானம் என்று தெரியவில்லை. பசி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கொளஞ்சி தட்டை எடுக்க வந்தார்.

“என்ன தாசில்தாரே, தொடவே இல்லை? உப்பு பத்தலையா?”

தெய்வசிகாமணி இருந்த இடத்திலிருந்தே தட்டைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டினார்.

“எட்டலையா? அதைச் சொல்றதுக்கு என்ன?”

கொளஞ்சி எறும்பை ஊதித் தள்ளினார். வலையைத் தூக்கி மூங்கில் மேல் போட்டார். உள்ளே வந்து தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

“சாப்பிடுங்க. என் அக்கா வீட்டுல இன்னிக்கு யாருமே சாப்பிடலை. மூத்தவளைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. வத்தலக்குண்டுப் பக்கம். பையன் தங்கமானவன், பையனோட அம்மாதான்…”

தெய்வசிகாமணியின் வாயில் சோறு இருந்தது. நிறுத்தச் சொல்ல வழியில்லை.

தூக்கிவிட்ட வலையின் வழியே ஒரு தேனீ உள்ளே வந்தது.

அது கீழ்க்கிளையில் ஒரு பூவில் இறங்கியது. தலைகீழாகப் புகுந்து, மஞ்சள் மாவு பூசிக்கொண்டு வெளியே வந்தது. நாலு விரல் தள்ளி இருந்த அடுத்த பூவுக்குப் போனது. அதே மரம், அதே கிளை. அந்த மாவோடு அங்கேயும் புகுந்தது.

தெய்வசிகாமணியின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

கொளஞ்சியும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

“அப்புறம்?” என்றார் தெய்வசிகாமணி.

பதினோரு வருடத்தில் அந்த ஆசிரமத்தில் கொளஞ்சியிடம் யாரும் கேட்காத கேள்வி அது. 

“அப்புறம் என்னன்னா…” என்று ஆரம்பித்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் தெய்வசிகாமணி வலையைப் பிரித்து மடித்து வைத்தார். பலகையைப் பிடுங்கினார். புகார் எழுதவில்லை.

கீழ்க்கிளையில் ஏழு காய் நின்றது. கொண்டைக்குருவிகள் நாலைத் தின்றன. தெய்வசிகாமணி ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடினார். குருவிகள் பக்கத்து வேலியில் உட்கார்ந்து அவர் முடிக்கும்வரை காத்திருந்தன.

மூன்று பழுத்தன. கருஞ்சிவப்பு.

ஒன்றைச் சுவருக்கு மேலாக நீட்டினார்.

சவரிமுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். “இனிப்பு. கொட்டை பெருசு.”

ஒன்றைச் சமையலறைக்குக் கொண்டுபோனார்.

கொளஞ்சி மென்று பார்த்தார். “கேக்கு மேல இருக்கறதுதான் நல்லா இருக்கு.”

மூன்றாவதை அம்மாவின் முன்னால் ஒரு சிறு தட்டில் வைத்தார்.

அம்மா தின்றார். கொட்டையை ஜன்னல் வழியே துப்பினார்.

“நீங்க தின்னீங்களா?”

“மூணுதான் மிஞ்சுச்சு.”

அம்மா எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

“ஒரு வருஷம்” என்றார். “ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க.”

தெய்வசிகாமணி இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று மாலையே அரிசி, பருப்பு, ஸ்டவ், கம்பளி எல்லாவற்றையும் மூட்டை கட்டினார். சவரிமுத்துவிடம் விடை பெற்றார். எல்லோரிடமும் பேசியது போதும் என்பது போல ஒரு கும்பிடு போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அம்மா வெளியே வந்தார். மூட்டை வாசலில் இருந்தது. சாவி மூட்டை மேல் இருந்தது.

தெய்வசிகாமணி சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“கிளம்பலையா?”

“கிளம்பணும் அம்மா.”

“மழை வரும்னு பார்க்கிறீங்களா?”

“இல்லை.”

“முட்டி வலியா?”

“அதெல்லாம் இல்லை.”

அவர் இன்னொரு பூண்டை எடுத்தார். அதையும் உரித்து முடித்தார்.

“மாப்பிள்ளை வீட்டுல இன்னும் பதில் சொல்லலை” என்றார்.

“எந்த மாப்பிள்ளை?”

தெய்வசிகாமணி உள்ளே திரும்பிப் பார்த்தார். கொளஞ்சி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். வர நேரமாகும்.

அவர் படியில் நகர்ந்து உட்கார்ந்து, அம்மாவுக்கு இடம் விட்டார்.

“கொளஞ்சியோட அக்கா இருக்காங்க இல்லையா,” என்று ஆரம்பித்தார், “அவங்களுக்கு மொத்தம் ரெண்டு பொண்ணு.”