நின்றால் அணைந்துவிடும் வண்டி

"வண்டிக்கு ஐடிலிங் கிடையாதுன்னு அவகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும், மதர்."

மதர் பிபியானா பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். கோத்தகிரி மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவை ஒட்டியிருக்கும் தியான இல்லம் அவர் பொறுப்பில் இருந்தது. மறைமாவட்ட ஆயரைத் தவிர எல்லோரையும் நீ என்பார். ஆயரை எதுவும் சொல்லாமல் பார்ப்பார்.

"எவகிட்ட?"

"வயலெட்கிட்ட. என் வீட்டுக்காரிகிட்ட."

ரெஜினால்டுக்கு மதரின் வயதுதான் இருக்கும். சனிக்கிழமைதோறும் மௌன தியானத்துக்கு வருகிறவர். அவர் வந்து சேரும் வரைக்கும் அங்கே மௌனம் இருக்கும்.

"ஐடிலிங்னா என்ன?"

கேட்டிருக்கக் கூடாது.

பழைய பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார், மதர். இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். ரேஸ் வண்டியின் சாயல் ஒரு நூல் பிசகாமல், ரோட்டில் ஓட்டுவதற்கென்று செய்தது. தாழ்ந்த ஹேண்டில்பார். பின்னால் தள்ளிவைத்த கால்மிதி. வேகத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் சைலன்சர் சிட்டுக்குருவி மாதிரி கீச்சிடும். அந்தச் சத்தத்துக்கு உலகத்தையே எழுதிக் கொடுக்கலாம்.

பீன்ஸ் தீர்ந்துவிட்டது. மதர் பட்டாணியை எடுத்துக்கொண்டார்.

"கார்புரேட்டரும் ரேஸுக்குள்ளதுதான். ரேஸ்ல எவன் நிக்கப் போறான்? அதனால நிக்கறதுக்குன்னு அதுல ஏற்பாடே கிடையாது. ஓடுற வரைக்கும்தான் உயிர். நின்னா செத்துடும்."

"நின்னா செத்துடும்."

"ஆமா மதர்! அதேதான்!" ரெஜினால்டின் முகம் மலர்ந்தது. "நீங்க ஒரே தடவையில புரிஞ்சுக்கிட்டீங்க. அவளுக்கு ஏறவே இல்ல."

"இதை எதுக்கு அவ புரிஞ்சுக்கணும்?"

மலர்ந்த முகம் சுருங்கியது.

"குன்னூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. ஈஸ்டருக்கு முன்னாடி போனவ. போன் பண்ணினா எடுக்கறதில்ல."

ஒரு பட்டாணி கீழே விழுந்து உருண்டது. இருவரும் அது நிற்கும்வரை பார்த்தார்கள்.

"அன்னிக்கு நல்ல மழை. கட்டபெட்டு பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தா. நான் அந்தப் பக்கமாத்தான் வந்தேன். கையைத் தூக்கினா."

"நீ?"

"சும்மா போகல மதர். நானும் கையைக் காட்டினேன்."

மதர் பட்டாணித் தோலைக் கீழே வைத்தார்.

"நின்னா வண்டி செத்துடும், மதர். அந்த மேட்டுல, அந்த மழையில. அன்னிக்குன்னு பார்த்து வண்டிக்கு அப்படி ஒரு ஓட்டம் வேற. அதோட, ரேஸ் வண்டின்னா ஒத்தை சீட்டுதான். பின்சீட்டை நான்தான் கழட்டிப் பரண்ல போட்டேன், இல்லாட்டி அசல் மாதிரி வராது. நின்னாலும் அவளை ஏத்தியிருக்க முடியாது."

"ஏத்திக்கத்தான் கையைத் தூக்கினாளா?"

"தெரியாது."

"எங்கே போயிட்டு வந்தா?"

ரெஜினால்ட் தன் ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"ஆஸ்பத்திரிக்கு. மார்புல ஒரு கட்டி. டெஸ்ட் ரிசல்ட் அன்னிக்குத்தான்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரிசல்ட்?"

"ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

"யார் சொன்னா?"

"தங்கச்சி. மறுநாள் போன்ல."

வெகுநேரம் யாரும் பேசவில்லை. அந்த இல்லம் எதற்காகக் கட்டப்பட்டதோ அது அன்றுதான் நடந்தது.

"அவ இல்லாம வீட்டுக்குள்ள இருக்க முடியல, மதர். உங்க கான்வென்ட் ஸ்கூல்ல படிச்சவ. நீங்க சொன்னா கேப்பா. வேணும்னு செய்யலன்னு சொல்லுங்க. நிக்கணும்னுதான் இருந்துச்சு. வண்டியோட இயற்கை அது. நிக்க முடியாது. அவ்வளவுதான்."

"சரி, நீ கிளம்பு" என்றார் மதர்.

"சொல்லுவீங்களா?"

"கிளம்புன்னேன்."

முற்றத்தில் வண்டி நின்றிருந்தது. அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மதர் வாசலிலிருந்து பார்த்தார்.

ரெஜினால்ட் பெட்ரோலைத் திறந்தார். கிக்கரை மெதுவாக அழுத்தினார். உள்ளே ஏதோ எதிர்த்தது. நிறுத்தினார். ஹேண்டில்பாரில் இருந்த சின்ன லீவரைப் பிடித்து அந்த எதிர்ப்பைத் தாண்டவிட்டார். காலை மேலே வரவிட்டார். பிறகுதான் ஒரு முழு மிதி.

ஒன்றுமில்லை.

மறுபடி முதலிலிருந்து. அதுவும் ஒன்றுமில்லை. டாங்க்கைத் தடவிக்கொடுத்தார். ஏதோ சொன்னார்கூட. மறுபடி. நெற்றி வியர்த்தது. முணுமுணுப்பு இல்லை, சலிப்பு இல்லை. இப்படி ஒரு மனிதரை வயலெட் தன் வீட்டில் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

கடைசியில் வண்டி பிடித்துக்கொண்டது. மலை அதிர்ந்தது. ரெஜினால்ட் திரும்பிப் பார்க்காமல் வளைவை நோக்கிப் போனார்.

ரோடு நீளமாகச் சுற்றிக்கொண்டு போகும்; இல்லத்தின் பின்னால் மேல்ரோட்டுக்குக் குறுக்குப் படிகள் உண்டு. மதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

வளைவைச் சுற்றி ரெஜினால்ட் மேலே வந்தபோது, செங்குத்தான மேட்டில், ரோட்டோரத்தில் மதர் நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. கையைத் தூக்கினார்.

பிரேக் கீச்சிட்டது. வண்டி நின்றது. இன்ஜின் இருமியது, அணைந்தது.

ரெஜினால்ட் வண்டியை ஓரத்தில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார்.

"என்ன மதர்? என்ன ஆச்சு? உடம்புக்கு எதுனாச்சுமா?"

"ஒண்ணுமில்ல."

"கையைத் தூக்கினீங்களே!"

"தூக்கினேன்" என்றார் மதர். "நின்னுட்டியே."