மகாராஜா ஏற முடியாத பரிசல்

முன்னொரு காலத்தில், மழை பெய்தால்கூட அது தங்கள் உத்தரவின் பேரில்தான் பெய்கிறது என்று ராஜாக்கள் நம்பிக்கொண்டிருந்த நாட்களில், ஆற்றங்கரை நாடு ஒன்றைச் சமரகேசரி மகாராஜா ஆண்டுவந்தார். ஆள் நல்லவர்தான். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு மட்டும் அவருக்கு யோசனைகள் வரும். ஊருக்கு வந்த கஷ்டங்களில் பாதி அப்படி வந்தவைதான்.

ஐப்பசி பிறக்கும் சமயம். மேற்கு மலையில் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. மகாராஜா விருந்து முடித்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு சபையைப் பார்த்தார்.

"சபையோரே! ஆற்றில் பெருவெள்ளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பெரும் பரிசல். எல்லாரையும் ஏற்ற இடம் போதாது. யாரை முதலில் காப்பாற்றுவது?"

அந்தப் பரிசல் மூங்கிலால் பின்னித் தோல் போர்த்திய பெரிய வட்டப் படகு. அரண்மனைச் சொத்து. ஆனால் மழைக்காலம் முழுவதும் அதைத் தாழங்கரையில்தான் கட்டிவைப்பார்கள். ஆறு பெருகினால் முதலில் தண்ணீர் நுழைவது அங்கேதான். வலை வீசுகிறவர்கள், கள் இறக்குகிறவர்கள், கூத்தாடிகள் எல்லாம் குடியிருக்கும் பள்ளமான இடம் அது.

மகாராஜா கேட்டதும் சபை சுறுசுறுப்பானது. சேனாதிபதி, வீரர்களைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்றார். கஜானா அதிகாரி, வரி கட்டுகிறவர்களை என்றார். ஆஸ்தானப் புலவர், புலவர்களை என்று சொல்லிவிட்டு, புரவலர் இல்லாமல் புலவர் ஏது என்று ஞாபகம் வந்து, மகாராஜாவையும் சேர்த்துக்கொண்டார். தன்னைப்போல் இல்லாத ஒருவரைக் காப்பாற்றச் சொல்ல அந்தச் சபையில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. தூணோரம் நின்றிருந்த விதூஷகன் இடும்பன் இதைக் கவனித்தான். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

அப்போது பண்டிதர் மார்த்தாண்டனார் எழுந்தார். முகத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் லட்சண சாஸ்திரத்தில் அவர் கரை கண்டவர். கண்டதாக அவரே சொல்லுவார். தன்னுடைய ஒரு மணி நேரப் பிரசங்கத்துக்குத் தலையாட்டும் மகாராஜா, இடும்பனுடைய ஒற்றை வார்த்தைக்கு வயிறு குலுங்கச் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பல வருஷமாக நெஞ்செரிச்சல்.

"மகாராஜா! ஒருவனுடைய தகுதியை இறைவன் அவன் முகத்திலேயே எழுதி அனுப்பியிருக்கிறான். நெற்றி, மூக்கு, காது, மூன்றையும் பார்த்தால் போதும். ஏற்ற வேண்டியவன் யார், விடவேண்டியவன் யார் என்று அடியேன் விரல் காட்டிவிடுவேன். தாழங்கரையாரை எடுத்துக்கொள்ளுங்கள். வலைக்காரன் என்றால் குடிகாரன். கூத்தாடி என்றால் பொய்யன். கள் இறக்குகிறவனோ மரமேறத் தெரிந்தவன், வெள்ளம் வந்தால் ஏறிக்கொள்ளட்டுமே! இவர்கள் வாசலில் பரிசலைக் கட்டிவைப்பது, வைரத்தைத் தவிட்டுப் பானையில் போட்டுவைப்பது போல."

சபை கைதட்டியது. இடும்பன் தாழங்கரையில் பிறந்த கூத்தாடி என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள்.

"பிரமாதம்! பரிசலை இன்றே மேட்டுத் தெருவுக்குக் கொண்டுவந்து கட்டுங்கள்" என்றார் மகாராஜா.

பண்டிதர் உட்காரவில்லை. "ஒரு விண்ணப்பம். துடுப்புப் போட நம் இடும்பனே தகுந்தவன், ஆற்றோரத்தில் பிறந்தவன் அல்லவா? ஆனால் இரக்கப்பட்டுத் தன் சொந்தக்காரர்களை ஏற்றிவிட்டால் சாஸ்திரம் கெடும். ஆகையால், நான் விரல் காட்டாத ஒருவரை, அவர் யாராக இருந்தாலும், இடும்பன் ஏற்றினால் அவன் தலை அவனுக்கில்லை என்று ஆக்ஞை பிறப்பிக்க வேண்டும்."

"யாராக இருந்தாலும்" என்று மகாராஜா வெற்றிலையோடு சொன்னார். பறையறைகிறவன் அதை அப்படியே ஊரெல்லாம் அறைந்துவிட்டான்.

சாயங்காலம் இடும்பன் வீட்டு வாசலில் சடைச்சி வந்து நின்றாள். தாழங்கரைக்காரி. அவனுக்கு ஒன்றுவிட்ட அக்கா.

"ஏண்டா, பரிசல அவுத்துக்கிட்டுப் போயிட்டாங்களே, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ராஜா உத்தரவு அக்கா."

"உத்தரவு போட்டா தண்ணி வாசப்படியோட நின்னுருமா? எம்மக பூவாத்தாளுக்கு நிறைமாசம். எந்திரிச்சு நிக்கவே ரெண்டு பேரு புடிக்கணும். நாங்க நீந்திக்குவோம். அவ எங்கடா நீந்துவா? மேட்டுத் தெருவுல எதுக்குப் பரிசலு? அங்க தண்ணி ஏறுச்சுன்னா லோகமே முழுவிப்போச்சுன்னு அர்த்தம்."

"துடுப்பு என் கையிலதான் இருக்கு. ஆனா அந்த மனுசன் விரல் காட்டாம ஒரு ஆளை ஏத்தினாலும் என் தலை போயிரும்."

"அப்ப உன் தலையா எம்மகளான்னு ஆகிப்போச்சு. அப்படித்தானே?"

சடைச்சி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டாள். இடும்பன் கூரையை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மலைப்பக்கம் இடி கேட்டது. பண்டிதர் போட்ட ஆக்ஞையை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். 'யாராக இருந்தாலும்' என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மறுநாள் மகாராஜா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இடும்பன் போய்க் கைகட்டி நின்றான்.

"மகாராஜா, வெள்ளம் வந்த பிறகு பரிசலைப் பழக்கக் கூடாது. ஐப்பசி முதல் நாள் ஊரே ஆற்றில் முங்கி நிற்குமே, அன்றைக்கு ஒரு வெள்ளோட்டம் பார்த்தால் என்ன? பண்டிதர் பரிசலில் நின்று விரல் காட்டட்டும். நான் ஏற்றுகிறேன்."

அந்த நாட்டில் ஐப்பசி நீராட்டு பெரிய வைபவம். விடியுமுன் ராஜா முதல் மாடு மேய்க்கிறவன் வரை ஒற்றை வேட்டியோடு ஆற்றில் இறங்குவார்கள். கிரீடம் கிடையாது, கடுக்கன் கிடையாது, திருநீறுகூடக் கரைந்துவிடும். தண்ணீருக்குள் நிற்பவர்கள் சூரியன் ஆற்றைத் தொடும்வரை வாய் திறக்கக் கூடாது. இன்னொரு மரியாதையும் உண்டு. மகாராஜா இறங்கும்போது சபையோர் எல்லாரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும். அதனால் கிரீடமில்லாத அரசர் எப்படி இருப்பார் என்பது அவருடைய நாவிதனுக்கும் ராணிக்கும், எண்ணெய் தேய்க்கும் வேளையில் போய்வரும் இடும்பனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"பேஷ்! நாமும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிறோம்" என்றார் மகாராஜா.

"ஐயோ, வேண்டாம் மகாராஜா. பத்தாயிரம் பேருக்கு நடுவில் நின்றாலும் தங்கள் நெற்றியின் ராஜகளை காட்டிக்கொடுத்துவிடும் என்று பண்டிதர் பாட்டே பாடியிருக்கிறார். எடுத்த எடுப்பில் தங்களைத்தான் காட்டுவார். பரீட்சை அங்கேயே முடிந்துபோகும்."

"காட்டட்டுமே!" என்றார் மகாராஜா. எண்ணெயை மீறி முகம் பளபளத்தது. "யாரிடமும் சொல்லாதே."

ஐப்பசி முதல் நாள். ஆற்றின்மேல் பனிமூட்டம் பஞ்சுபோல் கிடந்தது. துறை முழுக்கக் கழுத்தளவுத் தண்ணீரில் தலைகள். கரைப்படியில் பெண்டுகள் கூட்டத்தில் சடைச்சியும் நின்றிருந்தாள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. பண்டிதர் சரிகைச் சால்வை போர்த்திப் பரிசலின் நடுவில் நின்றார். ஆற்றுக்குள் நிற்கிறவர்கள்தான் பேசக் கூடாது, பரிசலில் நிற்பவருக்கு அந்தத் தடை இல்லை என்று அவரே சாஸ்திரத்தில் கண்டுபிடித்திருந்தார்.

"அதோ, அந்தப் பூரணசந்திர முகம்! அகன்ற நெற்றி! தான தருமங்களில் சிறந்தவன். ஏற்று!"

இடும்பன் கை கொடுத்து ஏற்றினான். துறையில் காயப்போட்ட வேட்டிகளைத் திருடுவதில் அந்த ஊரிலேயே பேர் போனவன் அவன். கூச்சத்தோடு வந்து பண்டிதர் பின்னால் உட்கார்ந்தான்.

"இவன் மாறுகண்ணன். வஞ்சகன், விடு!" அது அரண்மனை வைத்தியர். பண்டிதரின் மூலவியாதியைக் குணப்படுத்தியவர்.

"இவன் கன்னத்தில் தழும்பு. வழிப்பறிக்காரன். விடு!" அது சேனாதிபதி. போரில் பட்ட தழும்பு. அவர் பல்லைக் கடித்த சத்தம் கரைவரை கேட்டது. ஆனால் மௌன விரதம், என்ன செய்வது?

பரிசல் மெல்லச் சுழன்று மகாராஜாவிடம் வந்தது. அவர் நெடுநேரமாகக் குளிரில் விறைத்து நின்றிருந்தார். தேன்மெழுகு தடவி முறுக்கி நிறுத்தும் மீசை நனைந்து வாயோரம் தொங்கியது. வழுக்கைத் தலையில் பாசி ஒட்டியிருந்தது. இருந்தாலும் நெற்றியை நன்றாக உயர்த்திக் காட்டினார். பண்டிதர் குனிந்து பார்த்தார். மகாராஜா இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"த்சொ த்சொ! என்ன காது இது, முறம் மாதிரி! ஆடு திருடுகிறவனுக்குத்தான் இப்படிக் காது விரியும், நாய் குரைப்பதைக் கேட்பதற்காக. தொங்கு மீசை, சோம்பேறி. நெற்றியில் ஒரு ரேகைகூட இல்லை, யோசித்தே அறியாதவன். தள்ளு இவனை!"

மகாராஜா பரிசலின் விளிம்பைப் பிடித்தார். இடும்பன் பணிவாக, ஒவ்வொரு விரலாக விடுவித்துவிட்டான்.

அந்தச் சமயம் பார்த்துச் சூரியன் பனியைக் கிழித்துக்கொண்டு ஆற்றைத் தொட்டான்.

"டேய் இடும்பா, ஏத்துடா! பல்லு கிட்டுது!"

அந்தக் குரலை யாருக்குத்தான் தெரியாது? இடும்பன் துடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தான்.

"மகாராஜா மன்னிக்க வேண்டும். பண்டிதர் இன்னும் விரல் காட்டவில்லை. அவர் யாராக இருந்தாலும் ஏற்றக்கூடாது என்று தங்கள் ஆக்ஞை. என் தலை போனால்கூடப் பரவாயில்லை, தங்கள் ஆக்ஞைக்குப் பங்கம் வரலாமா?"

பண்டிதர் முகம் ரத்தம் வற்றிச் சுண்ணாம்பாக வெளுத்தது. ஆனால் வித்வான் அல்லவா, நாக்கு மட்டும் வேலை செய்தது.

"ஆகா! பனி மறைத்தது, பனி! இப்போதல்லவா தெரிகிறது! இது கஜகர்ணம்! ஆனைக் காது! குடிகளின் முணுமுணுப்பைக்கூடக் கேட்கும் சக்கரவர்த்திக் காது! ரேகையில்லாத நெற்றி, கவலையற்ற ஆட்சிக்கு அடையாளம்! தொங்கு மீசை... அது வந்து... கருணை கீழ்நோக்கிப் பாய்வது!"

மகாராஜாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கண்ணெல்லாம் சிவந்தது. ஆனால் தன் காதைத் தானே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். மூச்சு விடும் நேரத்தில் ஆடு திருடும் காது ஆனைக் காதாகிவிட்டதை நினைத்தார். தொண்டைக்குள் என்னவோ களுக்கென்றது. அப்புறம் ஆறு அதிரச் சிரித்தார். அரசர் சிரித்துவிட்டதால் ஊரும் தைரியமாகச் சிரித்தது.

"ஆக்ஞை ரத்து! விரலும் வேண்டாம், தலையும் வேண்டாம்!" என்று சொல்லிப் பரிசலில் தொற்றி ஏறினார்.

பண்டிதர் அத்தோடு விட்டிருக்கலாம். அரசர் காலில் சாஷ்டாங்கமாக விழுந்தால்தான் மனசு ஆறும் என்று நினைத்துவிட்டார். சாஷ்டாங்கத்துக்கு நீளம் வேண்டும். பரிசலோ வட்டம். குப்புற விழுந்தவர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்து, பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியதும் முழுசாக வெளியே போய்விட்டார். நீச்சல் தெரியாது. சரிகைச் சால்வையை மட்டும் வேட்டித் திருடன் பத்திரமாகப் பிடித்துக்கொண்டான்.

துடுப்பை நீட்ட வேண்டியது இடும்பன். நீட்டத்தான் போனான். ஆனால் கை ஒரு கணம் கனத்தது. கூத்தாடி என்றால் பொய்யன் என்று சொன்ன வாய்தானே அது, இன்னும் ஒரு மடக்குக் குடிக்கட்டுமே என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லியது. பண்டிதருடைய கை தண்ணீருக்கு மேலே வந்து வெறுமையைப் பிசைந்தது. அதைப் பார்த்ததும் இடும்பனுக்கு உடம்பு கூசியது. துடுப்பை எறிந்துவிட்டுக் குனிந்து, குடுமியைப் பிடித்து இழுத்துப் போட்டான்.

மகாராஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இடும்பா தாமதம்?"

"கை ஈரம், மகாராஜா. வழுக்கிவிட்டது."

"வழுக்கவில்லை. நாம் பார்த்தோம். நீயும் ஒரு லட்சண சாஸ்திரம் வைத்திருக்கிறாய். பண்டிதர் காதைப் பார்க்கிறார். நீ உன்னைத் திட்டியவனா என்று பார்க்கிறாய்."

இடும்பன் தலையைச் சொறிந்தான். மறுத்துப் பேச ஆசைதான். ஆனால் மூச்சிரைத்துக் கிடந்த பண்டிதரைப் பார்த்தபோது முடியவில்லை.

"வாஸ்தவம் மகாராஜா. அவர் விரல் வைத்தால் நான் கடைசி. நான் துடுப்புப் பிடித்தால் அவர் கடைசி. எங்களை நம்ப வேண்டாம். தண்ணீர் எங்கே முதலில் வருகிறதோ அங்கே பரிசலைக் கட்டிவிடுங்கள். யார் கைக்கு எட்டுகிறாரோ அவரை முதலில் ஏற்றட்டும்."

கரையிலிருந்து சடைச்சி கத்தினாள். "அப்ப இப்பவே எடுத்துக்கிட்டுப் போயிரட்டுமா சாமி? மறுபடி சாப்புட்டு எந்திரிக்கிறதுக்குள்ள?"

மகாராஜா இரண்டாம் தடவை சிரித்தார். பரிசல் அப்போதே தாழங்கரைக்குப் போனது.

அந்த வாரக் கடைசியில் வெள்ளம் வந்தது. தாழங்கரை வீடுகள் கூரைவரை முங்கின. பூவாத்தாளைக் கட்டிலோடு தூக்கிப் பரிசலில் வைத்தார்கள். மேட்டுக்குப் போய்ச் சேருமுன், சுழலுக்கு நடுவில், ஒரு பெண் குழந்தை பிறந்து, பரிசலில் இருந்தவர்கள் எல்லாரையும்விட உரக்கக் கத்தியது.

வெள்ளம் வடிந்ததும் மகாராஜா சபை கூட்டினார். இடும்பனை அருகே அழைத்துத் தன் கையிலிருந்த தங்கக் காப்பு ஜோடியைக் கழற்றினார். ஒன்றை அவன் கையில் மாட்டினார். இடும்பன் இன்னொரு கையையும் நீட்டினான். மகாராஜா மற்றதைத் திரும்பத் தன் கையிலேயே போட்டுக்கொண்டார்.

"மகாராஜா, அது?"

"பண்டிதர் ஒரு மடக்குக் கூடுதலாகக் குடித்தாரே, அதற்கு" என்று சொல்லிவிட்டு, சிம்மாசனம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.