இரண்டு வில்லைகள்

மலைமடத்துக்கு வருகிறவர்கள் வந்த அன்றைக்கே தவமணியம்மாளிடம் எதையாவது கேட்டுவிடுவார்கள். குலசேகரன் மட்டும் மூன்று மாதமாக எதையும் கேட்கவில்லை. ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார், விறகு பிளந்தார், அம்மாள் பேசும்போது ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். குரு என்று ஏற்றுக்கொண்ட பிறகு அது அவருக்கு உறைக்கவே இல்லை.

ஒன்றுதான் மற்றவர்கள் கண்ணில் பட்டது. அந்தக் குளிரிலும் அவர் சூடாக எதையும் குடிப்பதில்லை. கஞ்சியைக்கூட ஆறவைத்துத்தான் குடித்தார். ஒருநாள் காலை அம்மாள் காரணம் கேட்டார். குலசேகரன் சொல்லத் தொடங்கினார்.

கோவையில் அவருக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. கூட்டாளி இன்னாசிமுத்து. இருபது வருடம் இருவரும் சேர்ந்தே மலை ஏறியவர்கள். முதுகுச் சுமையைக் குறைப்பது குலசேகரனுக்கு ஒரு வெறியாகவே ஆகியிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைக்கூடப் பாதியாக அறுத்து எடுத்துப் போகிறவர். மடித்தால் சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி, மெல்லிய தகட்டில் தானே ஓர் அடுப்பு செய்தார். அதன்மேல் வைக்க டைட்டானியம் குவளை, குவளைக்குள்ளேயே அடங்கும் மூடி, கரண்டி. காற்றை மறைக்கும் தகடு வீண் சுமை என்று அதைச் செய்யவில்லை. எரிக்க, சூடம் மாதிரி வெள்ளை வெள்ளையாக வில்லைகள். ஒரு வில்லைக்கு ஒரு குவளை வெந்நீர். எத்தனை வேளையோ அத்தனை வில்லை. அதற்கு மேல் ஒன்று கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன் கடைசியாகப் போனபோது இன்னாசிமுத்து தன் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பையில் வைத்திருந்தார். அடிவாரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் குலசேகரன் அதை எடுத்து டீக்கடையில் கொடுத்துவிட்டார், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று. இன்னாசிமுத்து சிரித்துக்கொண்டே சரி என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பாறை இடுக்கு ஒன்றில் ஒதுங்கினார்கள். இன்னாசிமுத்து தொப்பலாக நனைந்திருந்தார். பல் கிட்டித்தது. ஒரு டம்ளர் வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டார். கைவசம் இரண்டு வில்லைகள்தான். மறுநாள் உச்சிக்குப் போகுமுன் ஆளுக்கு ஒரு காபிக்கு என்று வைத்திருந்தவை. மழை விட்டதும் நடந்தால் தன்னால் சூடாகிவிடும் என்று குலசேகரன் சொன்னார்.

இன்னாசிமுத்து மறுபடி கேட்கவில்லை.

சாயங்காலம் அவருடைய நடுக்கம் நின்றது. தேவலை என்று குலசேகரன் நினைத்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. அப்போதுதான் பயம் வந்து, தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார், கட்டிப் பிடித்துக்கொண்டார். அடுப்பைப் பற்றவைக்கப் பார்த்தால் தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதயம் முன்னமே பலவீனமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். ஆண்டவர் சித்தம் என்றார் பாதிரியார். இன்னாசிமுத்துவின் மனைவி செலஸ்தீன், நீங்க கூட இருந்தீங்களேண்ணா, அது போதும் என்று அழுதார். குலசேகரன் அவரிடம் வெந்நீரைப் பற்றிச் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லி முடித்ததும் உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தார். அடுப்பும் குவளையும் அதில் இருந்தன. கூடவே, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய இரண்டு வில்லைகள்.

"அம்மா, அன்னைக்கு நான் இதைப் பத்த வச்சிருந்தா அவன் பொழைச்சிருப்பானுங்களா?"

அம்மாள் வெளியே பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"மழை வரட்டும்" என்றார்.

பத்தொன்பது நாள் கழித்து மழை வந்தது. மத்தியான நேரம். அம்மாள் எழுந்து, குடை கொண்டுவந்த பெண்ணிடம் வேண்டாம் என்றுவிட்டு, மடத்துக்கு எதிரே இருந்த மொட்டைப் பாறையில் போய் உட்கார்ந்தார். குலசேகரன் பையோடு பின்னால் ஓடினார். உள்ளே வந்துவிடும்படி கெஞ்சினார். அம்மாள் அசையவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. இன்னொரு மணி நேரமும் போயிற்று. அம்மாளின் உதடு நீலம் பாரித்தது. தோள்கள் தூக்கித் தூக்கிப் போட்டன.

"இப்ப வெந்நீர் வையுங்க" என்றார்.

குலசேகரன் அடுப்பை விரித்தார். முன்பே எடுத்து வெளியே வைத்திருந்த குவளையில் மழைத்தண்ணீரே பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. குனிந்து மழையை மறைத்துக்கொண்டு லைட்டரைத் தட்டியதும் முதல் வில்லை பற்றியது. காற்று சுழன்றடித்ததில் பாதியிலேயே அணைந்தது. அந்த மிச்சத்தோடு இரண்டாவதையும் வைத்து, குனிந்து, மேல்துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டார். எரியும் வில்லையிலிருந்து மீன் வாடை அடித்தது. நீலச் சுடர் குவளையின் அடியைத் தொடுவதும் விலகுவதுமாக இருந்தது. கொதி வரவில்லை. அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் மட்டும் கட்டின. அவ்வளவுதான், தீ அடங்கிவிட்டது. தகட்டில் பிசின் மாதிரி ஒரு கறை மிஞ்சியது.

அம்மாள் குவளையை இரண்டு கைகளாலும் வாங்கினார். உடனே குடிக்கவில்லை. கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். குடித்து முடித்த பிறகும் அவர் உடம்பு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

குலசேகரன் அந்த நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது ஏதோ இளகுவது போலிருந்தது.

"அப்ப, பத்த வச்சிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டானுங்களா, அம்மா?"

"மாட்டார்."

குலசேகரனுக்கு அழுகை முட்டியது. தன்மேல் தப்பில்லைதானே என்று கேட்டார்.

அம்மாள் குவளையை அவர் கையில் வைத்தார். அதில் இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

"அவர் உங்ககிட்ட உயிரைக் கேக்கலைங்களே. வெந்நீர்தானே கேட்டார்."