வேலை விளம்பரத் தாள்

“சும்மா தர்றேன்னு வாசல் தேடி வர்றவனை வேண்டாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா அக்கா?”

கேட்டவர் கிளை நூலகத்தின் நூலகர் உபயதுல்லா. கேட்டது அமலோற்பவம் அக்காவிடம். நூலக வேலையை அவருக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவர் அக்கா.

“என்ன தர்றான்?”

“நம்ம லைப்ரரிக்கு இன்டர்நெட். அவன் கம்பெனி வீடியோ, அவன் கம்பெனிக் கடை எல்லாம் பறக்குமாம். மத்தது கொஞ்சம் மெதுவா வரும். வந்துட்டுப் போகட்டுமே! நாளைக்குக் கையெழுத்துப் போடறேன்.”

அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் வாசிப்பறையில் அக்கா. உபயதுல்லாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எத்தனை வருஷம் அந்த மேசையில் அவர் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துப் போட்டிருப்பார்! ஒரே பேப்பரைப் பன்னிரண்டு பேர் படிப்பார்கள். மூட்டை தூக்குகிறவர் தலையங்கத்தை முடிக்கும்வரை வக்கீல் காத்திருப்பார். அடடா, அது ஒரு காலம்!

இன்று அக்கா நாலு பேப்பரையும் மடியில் வைத்துக்கொண்டார். சினிமாத் தாள் கேட்டவர்களுக்கு உடனே எடுத்துக் கொடுத்தார்.

சுடலைவடிவு மூச்சிரைக்க வந்தாள்.

“வேலை விளம்பரத் தாள் குடுங்கக்கா. சத்துணவுக் கூடத்துல சமையல் வேலையாம், இன்னைக்குத்தான் கடைசி நாள். எங்க மனு கொடுக்கணும்னு பார்த்துட்டு எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கணும்.”

“உட்காரும்மா, தர்றேன்.”

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் சினிமாத் தாளைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஹாரன் கேட்டது. “அங்க போயே விசாரிச்சுக்கிறேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள் சுடலைவடிவு.

உபயதுல்லாவுக்குப் பொறுக்கவில்லை.

“என்னக்கா இது அநியாயம்! யார் எந்தத் தாள் கேட்டாலும் உடனே குடுன்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே!”

“நான் எங்க தம்பி இல்லேன்னேன்? கொஞ்சம் மெதுவாத் தர்றேன்.”

உபயதுல்லா தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். கிளம்பிய பஸ்ஸைத் தட்டி நிறுத்தி, ஜன்னல் வழியாக அவள் கையில் திணித்தார்.

திரும்பி வந்தபோது கம்பெனி ஆள் ஒப்பந்தத்தோடு காத்திருந்தார்.

“எல்லாத்தையும் ஒரே வேகத்துல தருவீங்களா?” மூச்சு வாங்கக் கேட்டார் உபயதுல்லா.

“சும்மா தர்றப்ப அதெப்படி சார்?”

“அப்ப வேண்டாம் சார். வந்தது வந்துட்டீங்க, உட்கார்ந்து பேப்பர் படிச்சுட்டுப் போங்க. எந்தத் தாள் வேணும்?”